கண்ணில் பூ விழாமலிருக்க மூலிகைச் சாறா? செய்யவே கூடாதவை

காவேரிப்பட்டினம் பக்கம் மாங்காய் அறுக்கும்போதும், பென்னாகரம் பக்கம் வேலி கழிக்கும்போதும் கண்ணில் துரும்போ செடிப்பாலோ படுவது சகஜம். நந்தியாவட்டைச் சாறு விடு, மஞ்சள் தண்ணி விடு என்று கைவைத்தியம் உடனே கிளம்பிவிடும். மஞ்சளில் இருக்கும் குர்குமின், வெங்காயத்தில் இருக்கும் குவெர்செடின் என்ற பொருள்கள் தழும்புச் செல்களை அடக்குகின்றன என்ற ஆய்வுச் செய்தியும் இப்போது கூடச் சேர்ந்துகொள்கிறது. செய்தி பொய்யில்லை. அதை நம்பிக் கண்ணில் ஊற்றுவதுதான் தப்பு.

கருவிழி நடுவில் அரை மில்லிமீட்டர் கனம்தான். மேல்தோல் மட்டும் உரசினால் ஓரிரு நாளில் தழும்பில்லாமல் மூடிக்கொள்ளும். அதன் அடிச்சவ்வும் கிழிந்துவிட்டால் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற புரதம் உள்ளே இறங்குகிறது. நடு அடுக்கில் சும்மா கிடந்த செல்கள் அதனால் தழும்புச் செல்களாக உருமாறி, காயத்தை இழுத்துப் பிடித்து, கொலாஜன் நாரைத் தாறுமாறாகக் கொட்டுகின்றன. நார் வரிசை தப்பினால் ஒளி சிதறும். அந்த வெள்ளைதான் நாம் 'பூ' என்பது. குவெர்செடின் ஆய்வகத்தில் தடுத்தது இந்த உருமாற்றத்தை. பல வருடத்துப் பழைய பூவை அது கரைக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

அடுத்து அளவு. செல் சோதனைகளில் குர்குமின் பெரும்பாலும் 10 மைக்ரோமோலார் அளவை ஒட்டியே போகும். அதாவது லிட்டருக்கு 4 மில்லிகிராம்கூட இல்லை, அதுவும் வேறு கரைப்பானில் கரைத்தது. தண்ணீரில் அது அநேகமாகக் கரையாது. மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு 3 பங்கு போல. மீதியெல்லாம் மாவும் நாரும், கூடவே பூஞ்சை வித்தும். கிழிந்த கருவிழியில் அதை விடுவது விதைப்பு மாதிரி. அளவு கூடினால் குர்குமின் நல்ல செல்லையும் கொல்லும். 'தழும்புச் செல் குறைந்தது' என்று படித்தால், உயிரோடிருந்த செல்களை எண்ணினார்களா என்று முதலில் பாருங்கள்.

எருக்கம்பால் கதையே வேறு. பட்டவுடன் வலி அதிகம் இருக்காது, அதனாலேயே விட்டுவிடுகிறார்கள். கருவிழியின் உள்பக்கச் செல்களை அது தாக்கி, மறுநாள் பார்வை மங்கும். அந்தச் செல்கள் மனிதருக்கு மறுபடி பெருகுவதில்லை. கள்ளிப்பாலும் லேசுப்பட்டதல்ல. எது பட்டாலும் உடனே இமையைப் பிரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரால் 15 முதல் 20 நிமிடம் கழுவுங்கள். பிறகு செடியின் துண்டு ஒன்றோடு தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு இன்னொரு பொறி. எருக்கம்பால் வீக்கத்துக்கு மருத்துவரே அதைக் கொடுக்கலாம். கரும்புச் சோகையோ நெல் உமியோ கீறிய கண்ணில் பூஞ்சை இருந்தால், அதே சொட்டு புண்ணை வளர்த்துவிடும். அங்கே வேண்டியது நேட்டமைசின் 5% என்ற பூஞ்சைக்கொல்லிச் சொட்டு. எது என்று மருத்துவர் புண்ணிலிருந்து லேசாகச் சுரண்டி எடுத்துச் சோதித்துதான் சொல்ல முடியும், சிவப்பை வைத்துச் சொல்ல முடியாது.

நம்மூர்ப் புளியங்கொட்டையின் பிசினும் கண்சொட்டாகியிருக்கிறது, ஆனால் கண் வறட்சிக்கு, சுத்திகரித்த வடிவில். வீட்டில் கொட்டையை வேகவைத்து வடித்த கஞ்சியைக் கண்ணில் விடாதீர்கள்.