லேகா உருண்டைகளைக் கழிக்கும்போது செய்யக் கூடாதவை

போன வாரம் மதுரை திருப்பாலையில் ஒரு தம்பியின் மாடித்தோட்டத்துக்குப் போயிருந்தேன். மண்ணில்லாமல் தண்ணீரில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் சரிவரவில்லை என்று எல்லாவற்றையும் கலைத்துக்கொண்டிருந்தார். மூன்று தொட்டி நிறைய இருந்த லேகா உருண்டைகளை, அதாவது செடிக்கு மண்ணுக்குப் பதிலாகப் போடும் களிமண் உருண்டைகளை, மாடி மூலையில் குவித்திருந்தார், மழைத்தண்ணீர் இறங்கும் ஓட்டைக்கு ஒரு முழம் தள்ளி. "களிமண்தானேண்ணே, மழையில கரைஞ்சிரும்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாலு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் நானும் இதையேதான் சொன்னேன்.

கரையும் என்று நம்புவது

கரையாது. சுமார் 1200 டிகிரி சூட்டில், சுழலும் சூளைக்குள் பொரி மாதிரி உப்பி வந்தது இது. சுட்டபின் அது மண் கிடையாது, ஓடு. கீழடியில் 2000 வருஷத்துக்கு மேல் புதைந்து கிடந்த பானையே ஓடாகத்தான் வெளியே வந்தது. உரக்குழியில் போட்டாலும் இதே கதைதான், சலிக்கும்போது அப்படியே சல்லடையில் நிற்கும்.

மழைக்குழாய் பக்கத்தில் விடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஐப்பசி மாதம், இரண்டு நாள் நல்ல வெயில், அதை நம்பி அலசிய உருண்டைகளைத் தட்டோட்டில் பரப்பிவிட்டுத் தூங்கப் போனேன். ராத்திரி மழை அடித்து ஊற்றியது. உள்ளே முழுக்கக் காற்றறை என்பதால் உருண்டை மிதக்கும்; கல்லாக இருந்தால் கிடந்த இடத்தில் கிடந்திருக்கும், இது தண்ணீரோடு நீந்தி நேரே ஓட்டைக்குப் போனது. ஓட்டையை மூடும் ஜாலி உடைந்திருந்ததை நாளைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று விட்டிருந்தேன். உள்ளே போனவை கீழே குழாய் வளையும் எல்போவில் வேரும் சருகுமாகச் சேர்ந்து அடைத்துக்கொள்ள, விடியும்போது மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர், ஹால் சீலிங்கில் ஈரம், மூன்றாம் நாள் பூச்சு பெயர்ந்து சோபாவில் விழுந்தது. பிளம்பர் குழாயை அறுத்துத்தான் எடுத்தார். அடைப்பதற்கு முன்னால் தப்பிப் போனவை மழைநீர் சேகரிப்புத் தொட்டியில் மிதந்தன. 2003இல் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கினார்களே, அந்தத் தொட்டி. கொத்தனார் கூலியையும் சேர்த்தால், உருண்டைக்குக் கொடுத்த காசு அதில் கால்வாசிகூட இல்லை.

"நல்லா அலசி மாடியில காயப் போடுங்க" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள், மிதக்கும் என்று ஒருத்தரும் சொல்வதில்லை.

இப்போதெல்லாம் வெங்காயம் வரும் வலைச்சாக்கில் பாதி நிரப்பிக் கட்டிவிடுகிறேன். ஊறவைப்பது, அலசுவது, காயவைப்பது எல்லாமே சாக்கோடுதான். உடைந்த துகள் வலை வழியாக உதிரும், அதனால் அலசுவது ஒரு டப்புக்குள்.

சிங்க்கில் கழுவுவது

அதே வினை, குழாய்தான் சின்னது.

வாய்க்கால் ஓரம் கொட்டுவது

பந்தல்குடி வாய்க்காலில் மிதப்பது போதாதா?

கழுவாமல் கைமாற்றுவது

மேலே வெள்ளையாகப் படிந்திருப்பது உர உப்பு. ராத்திரி முழுக்க ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றி, ஒட்டிய வேரைப் பிய்த்துவிட்டு, பழைய அண்டாவில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டுக் காயவைத்தால் வருஷக்கணக்கில் மறுபடி ஓடும். ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் ஆசையாக வாங்கிக்கொள்வார்கள். அழுகல் வந்த செடியின் உருண்டையை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தொட்டிக்கு அடியில் போடுவது

வடிகாலுக்கு நல்லது என்பார்கள். அப்படி இல்லை, தண்ணீர் மேலே இருக்கும் மண்ணிலேயே தங்கி நிற்கும். மண்ணுக்கு மேலே பரப்புங்கள், சித்திரை வெயிலில் ஈரமாவது காக்கும்.

உடைந்தது, நொறுங்கியது என்றால் வீட்டு வேலை நடக்கும் இடத்தில் கொத்தனாரிடம் கேளுங்கள். பாத்ரூம் பள்ளம் நிரப்ப எடை குறைந்த சாமான் என்று லேகாவைப் புதிதாகவே வாங்கிப் போடுகிறார்கள். அதுவும் இல்லையென்றால், காயவைத்துச் சாக்கில் கட்டி, மக்காத குப்பை என்று சொல்லியே கொடுங்கள்.

அன்று சாயங்காலம் தம்பியும் நானும் அள்ளியதில் நாலு வெங்காயச் சாக்கு நிறைந்தது. ஓட்டைக்குள் ஏற்கெனவே பதினேழு உருண்டை இறங்கியிருந்தது.