அறுவைக்குப் பின் வரும் அரிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகப்பட்டினம் கரையோர ஊர்களில், அறுவைக்கு முன் ‘எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா?’ என்று செவிலியர் கேட்டால், ‘இறால் தின்றால் தடிக்கும்’ என்ற பதில் வருவதுண்டு. அதைக் கேட்டு, கடல் உணவில் அயோடின் உண்டே என்று எண்ணி, ‘அயோடின் ஆகாது’ என்று தாளில் எழுதிவிடுவது நெடுநாளையத் தவறு. இறால் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணம் அதன் தசையிலுள்ள ட்ரோபோமயோசின் என்னும் புரதமே. அயோடினை நாம் அன்றாடம் உப்பிலேயே உண்கிறோம். அறுவைக்கு முன் தோலில் தடவும் பழுப்பு நிறக் கிருமிநாசினியான போவிடோன் அயோடினுக்கும் ஒவ்வாமை வரலாம், ஆனால் அது அரிது. அதற்கும் இறாலுக்கும் தொடர்பில்லை. இப்படிக் காரணமின்றி அதை விலக்கும்போது பெரும்பாலும் அந்த இடத்துக்கு வருவது குளோர்ஹெக்சிடின் என்னும் இன்னொரு கிருமிநாசினி. அதுவும் நல்ல மருந்துதான். எனினும் மிகச் சிலருக்குச் சில நிமிடங்களிலேயே உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, இரத்த அழுத்தம் சரியும் அளவுக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் இதைக் குறித்து எச்சரித்தது. வாய் கொப்பளிக்கும் சில மருந்துகளிலும், சிறுநீர்க் குழாய் செருகும்போது தடவும் சில களிம்புகளிலும் இதே பொருள் உண்டு. ஆகவே, பல் மருத்துவர் தந்த மருந்தால் உதடு வீங்கியவர், குடலிறக்க அறுவைக்குப் போகும்போது ‘அது பல்லுக்குத்தானே’ என்று சொல்லாமல் இருந்துவிடக் கூடாது.

எரிச்சலை ஒவ்வாமை என்று எண்ணுவது அடுத்த தவறு. என் பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை நடந்த மறுநாள், முதுகுக்கும் விரிப்புக்கும் நடுவே கிருமிநாசினி ஒழுகித் தேங்கிய இடம், ஓரம் கோடு கிழித்தாற்போல் சிவந்து கொப்பளித்திருந்தது. ஈரம் காயாமல் அழுந்திக் கிடந்ததால் வந்த புண் அது. தோலில் பட்ட பொருளால் வரும் தொடு ஒவ்வாமையோ பொதுவாக இரண்டு மூன்று நாள் கழித்து, கடும் அரிப்போடு, மருந்து பட்ட எல்லையைத் தாண்டியும் படரும். நாங்களோ கரப்பான் பண்டம் என்று கத்திரிக்காயையும் மீனையும் நிறுத்தினோம். தையல் ஆற வேண்டிய நாட்களில் அவருக்குச் சேர வேண்டிய புரதம் குறைந்ததுதான் மிச்சம். அதை நினைத்தால் இன்றும் மனம் வருந்துகிறது.

அரிக்கும் இடத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசுவதும், கடையில் கேட்டு வாங்கிய நியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பைத் தடவுவதும், கிருமிநாசினியை நீர் கலக்காமல் ஊற்றுவதும் கூடாது. நியோமைசினே பலருக்கு ஒவ்வாமை தரும். பிளாஸ்திரி ஒட்டிய சதுரத்தில் மட்டும் அரித்தால் பசையைத்தான் முதலில் ஐயுற வேண்டும். சீழும் காய்ச்சலும் சேர்ந்தால் ஒவ்வாமை என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தொடு ஒவ்வாமை எந்தப் பொருளால் என்று உறுதிசெய்ய, ஐயத்துக்குரிய பொருட்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுச் சோதனையைத் தோல் மருத்துவர் செய்வார். ஒட்டியவற்றை 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள்; 96 மணி நேரத்தில் மீண்டும் பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்கவும் கூடாது. நடவும் அறுப்பும் நடக்கிற வாரத்தில் இதற்கு நாள் குறித்தவர்களுக்கு, வயலுக்குப் போய் ஒட்டியதெல்லாம் பிய்ந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரிடும்.