மாதிரி விமானத் திடலில் தவறுகள் தரையில்தான் தொடங்குகின்றன

ரிமோட் மூலம் இயக்கும் மாதிரி விமானத்தைப் புதிதாக வாங்குவோர் பலர், விதிகளெல்லாம் டிரோன்களுக்குத்தான் என்று எண்ணிவிடுகிறார்கள். சிங்கப்பூரில் ஆளில்லா வானூர்திகளுக்கான சட்டம் இறக்கை வைத்த விமானத்துக்கும் அப்படியே பொருந்தும். 250 கிராமுக்கு மேல் எடையுள்ள எதையும், 16 வயது நிரம்பிய ஒருவர் பெயரில் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிந்த பிறகே பறக்கவிடலாம், எடை 1.5 கிலோவைத் தாண்டினால் பயிற்சியும், 7 கிலோவைத் தாண்டினால் உரிமமும் தேவைப்படும். 2019 ஜூன் மாதத்தில் அத்துமீறிப் பறந்த டிரோன்களால் சாங்கி விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமானதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கண்டிப்பு வியப்பளிக்காது.

உயரக் கணக்கிலும் ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. அனுமதியின்றிப் பறக்கக்கூடிய 200 அடி என்ற வரம்பு நாம் நிற்கும் தரையிலிருந்து கணக்கிடப்படுவதில்லை, சராசரிக் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. ஆகவே மேட்டுப் பாங்கான திடலில் நிற்பவருக்கு அந்த மேட்டின் உயரம் முன்பே கழிந்துவிடும். விமான நிலையங்களிலிருந்தும் விமானப் படைத் தளங்களிலிருந்தும் 5 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது என்பதால், சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் ஆகியவற்றைச் சுற்றி வட்டம் போட்டால் தீவில் மீதமிருக்கும் இடம் எவ்வளவு என்பது புரியும். வீட்டருகே பந்தாடும் திடல் காலியாக இருக்கிறது என்பதற்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் ஒன்மேப் என்ற இணைய வரைபடத்தைப் பார்ப்பது நல்லது.

ஆனால் திடலில் நடக்கும் காயங்களுக்கு வானத்தை விடத் தரையே பெரும்பாலும் காரணமாகிறது. மின்மோட்டார் விமானத்தில் பேட்டரியை இணைத்த அந்த நொடியிலிருந்து புரொப்பெல்லர் எப்போது வேண்டுமானாலும் சுழலலாம். சட்டை நுனியோ கழுத்தில் தொங்கும் வாரோ ரிமோட் கருவியில் மோட்டார் வேகத்தைக் கூட்டும் திராட்டில் குச்சியை லேசாகத் தள்ளினாலே போதும். 10 அங்குல புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 10,000 முறை சுழலும்போது அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 480 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. இதை அறிந்தவர் முன்னால் குனிந்து நின்று பேட்டரியை மாட்ட மாட்டார். இயக்கும்போது முதலில் டிரான்ஸ்மிட்டர் என்ற அந்த ரிமோட் கருவி, பிறகு விமானம். அணைக்கும்போது முதலில் விமானம், பிறகு டிரான்ஸ்மிட்டர். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைத்திருக்கிறதா என்பதை, ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொள்ள, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும்.

பழுது பார்த்து வந்த விமானத்தில், இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பலகையான ஏய்லரான் தலைகீழாக இணைக்கப்பட்டிருப்பது மிகப் பழைய, இன்றும் ஓயாத பிழை. குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் ஏய்லரான் மேலே எழ வேண்டும். கீழே இறங்கினால் அந்த விமானம் கிளம்பிய சில நொடிகளில் தரையில் குத்தும். பக்கத்தில் நிற்கும் இளையர் இதைக் கவனித்தும், பெரியவருக்குச் சொல்லிக்கொடுப்பதா என்று தயங்குவது நம்மிடையே இயல்புதான். “அங்கிள், ஒரு நிமிஷம், ஏய்லரான் பாருங்க” என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

குரல் கொடுக்கக் கூச்சப்படுவதும் அதே வகைத் தவறு. கிளம்பும்போதும், இறங்கும்போதும், ஓடுபாதையில் கால் வைக்கும்போதும் பக்கத்தில் நிற்பவர்கள் அனைவருக்கும் கேட்கும்படி அறிவிக்க வேண்டும். “டெட் ஸ்டிக்” என்று ஒருவர் கத்தினால் அவருடைய விமானத்தின் இஞ்சின் நின்றுவிட்டது என்று பொருள். அவருக்கு இன்னொரு சுற்று வர வழியில்லாததால் மற்ற எல்லாரும் உடனே பாதையை விட்டுக்கொடுக்க வேண்டும். பறப்பவர்கள் நிற்கும் கோட்டுக்குப் பின்னால், அதாவது வண்டிகளும் பிள்ளைகளும் இருக்கும் பக்கம், எக்காரணம் கொண்டும் விமானத்தைத் திருப்பக் கூடாது. பறக்கவிட்டுக்கொண்டிருப்பவரிடம் விலை விசாரிப்பதும் தவறுதான், அவர் இறக்கிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவார்.

வானிலையைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. இடி கேட்டால் இறக்கிவிட்டு, திறந்தவெளியை விட்டு விலக வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் விடியற்காலையிலேயே சுமத்ரா சூறைக்காற்று வந்து அடிக்கக்கூடும் என்பதை மட்டும், அதிகாலையில் காற்று அமைதியாக இருக்கும் என்று நம்பிக் கிளம்புவோர் மறக்கக் கூடாது.

விமானம் விழுந்துவிட்டால் உடனே ஓடுவது கடைசிப் பிழை. மற்றவர்களிடம் சொல்லி, அவர்கள் வழிவிட்ட பிறகே களத்துக்குள் செல்ல வேண்டும். முதலில் கழற்ற வேண்டியது பேட்டரி. அடிபட்ட லித்தியம் பாலிமர் பேட்டரி வெளியே நன்றாகத் தெரிந்தாலும் சற்று நேரம் கழித்து உப்பித் தீப்பிடிக்கலாம் என்பதால், அதை எரியக்கூடிய எதுவும் அருகில் இல்லாத இடத்தில் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். அதைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறவோ, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மீண்டும் சார்ஜ் செய்து பார்க்கவோ கூடாது.