ரப்பர்கேட்: பெயர் வைப்பதும் நடுநிலையாக எழுதுவதும்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்குள் உறுப்பினர்களுக்கென்றே ஒரு வங்கி இருந்தது, கணக்கில் இருந்ததற்கு மேல் அவர்கள் செக் எழுதியது 1991–92இல் பெரிய விவகாரமானது. இதைப் பற்றி எழுதும்போது முதலில் பெயரைப் பாருங்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் இதை ரப்பர்கேட் என்றன. கணக்கில் பணமில்லாமல் கொடுக்கும் செக்குக்கு அங்கே ரப்பர் செக் என்று பெயர், அதில் அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழலின் வாலான ‘கேட்’டை ஒட்டிவிட்டார்கள். தலைப்பில் இதை மட்டும் போட்டால் செக்குகள் திரும்பி வந்தன என்றுதான் வாசகர் நினைப்பார், ஆனால் வங்கி அவற்றுக்குப் பணம் கொடுத்ததுதான் பிரச்சினையே! ‘பிரதிநிதிகள் சபை வங்கி விவகாரம், 1991–92’ என்று வைத்துவிட்டு, புழங்கும் பெயரை உள்ளே ஒருமுறை சொன்னால் போதும்.

அப்புறம், அது எப்படி நடந்தது என்பதை எழுதுங்கள், பலர் தவறவிடுவது இதைத்தான். உறுப்பினர்களின் சம்பளம் ஒரே தொகுப்பில் கிடந்தது, ஒருவர் இருப்புக்கு மேல் எடுத்தால் மற்றவர்களின் பணம் அதை ஈடுகட்டியது, அபராதமும் இல்லை, வட்டியும் இல்லை. மக்களின் வரிப்பணம் தொலைந்தது என்று எழுதினால் அது தவறு, ஆனால் சாதாரண ஆளுக்குக் கிடைக்காத சலுகை என்பதை மறைத்தாலும் தவறுதான்.

எண்களைக் கலக்காதீர்கள். இந்தச் சலுகையை மிக மோசமாகப் பயன்படுத்தியவர்கள் என்று சபையின் நெறிமுறைக் குழு சொன்னது 22 பேரை. இருப்புக்கு மேல் எடுத்தவர்கள் என்று 1992 ஏப்ரலில் வெளியான பட்டியலில் முன்னாள், இந்நாள் உறுப்பினர்கள் 303 பேர்.

கட்சி விஷயத்தில் நிதானம் வேண்டும். சபை ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது, அதைச் சொல்லுங்கள். கடுமையாகப் பேசிய குடியரசுக் கட்சியின் நியூட் கிங்ரிச்சும் பணமில்லாத செக் எழுதியவர், அதையும் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் வருவது வேறு, நீதிமன்றத்தில் குற்றம் உறுதியாவது வேறு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்காதீர்கள்.