பிளாங்க் நுண்ணலை வரைபடத்தை வாசிக்கும் முறை

ஐரோப்பிய விண்வெளி முகமை 2013 மார்ச் மாதத்தில் வெளியிட்ட, வானமெங்கிலிருந்தும் வரும் நுண்ணலைகளை அளந்து பிளாங்க் விண்கலம் உருவாக்கிய வரைபடத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். நீலமும் செம்மஞ்சளும் பொடிப்பொடியாக இறைந்து கிடக்கும் நீள்வட்டம் அது. குழந்தைப் பருவப் பிரபஞ்சத்தின் படம் என்ற ஒரு வரிக் குறிப்போடு அதைக் கடந்துவிடுகிறோம். ஓர் அளவுகோலும் கணிப்பானும் கையில் இருந்தால், அந்தப் படத்திலிருந்து நாமே படித்தறியக்கூடியவை ஏராளம்.

முதலில் வடிவத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்த நீள்வட்டம் பிரபஞ்சத்தின் வடிவம் அன்று. அட்லஸில் உலக உருண்டையைத் தட்டையாக விரிப்பதுபோல, நம்மைச் சூழ்ந்துள்ள முழு வானத்தையும் விரித்த வடிவமே அது. உலக உருண்டையை வெளியிலிருந்து பார்க்கிறோம். இதையோ உள்ளே நின்று பார்க்கிறோம். படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் வானத்தில் ஒரே கோடுதான். குறுக்கே ஓடும் நடுக்கோடு பால்வீதியின் தளம். நடுப்புள்ளி, பால்வீதியின் மையம் அமைந்த தனுசு ராசித் திசை.

அடுத்து, எதைப் பார்க்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். இது பெருவெடிப்பின் படம் அன்று. அதற்கு ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளுக்குப் பிந்தைய நிலையின் படம். அதுவரை தனித்துத் திரிந்த எலக்ட்ரான்கள் ஒளியை மேற்செல்ல விடாமல் சிதறடித்துக்கொண்டிருந்தன. வெப்பநிலை சுமார் 3,000 கெல்வினாகத் தணிந்தபோது அவை அணுக்கருக்களோடு இணைந்தன, ஒளிக்கு வழி திறந்தது. மார்கழிக் காலையில் மூடுபனியின் விளிம்பு மட்டும் தெரிந்து அதற்கு அப்பால் ஒன்றும் தெரியாததைப் போல, நாம் காண்பது அந்தப் பழைய மூட்டத்தின் விளிம்பையே. அன்று முதல் பிரபஞ்சம் ஏறத்தாழ 1,090 மடங்கு விரிந்திருக்கிறது. அதே மடங்கில் அந்த ஒளியும் நீண்டு குளிர்ந்து நுண்ணலையாகிவிட்டது. 3,000ஐ 1,090ஆல் வகுத்துப் பாருங்கள்: 2.75 வரும். அந்த ஒளிக்கு அளவிடப்பட்ட இன்றைய வெப்பநிலை 2.725 கெல்வின்.

இனி நிறங்கள். செம்மஞ்சள் சராசரியைவிடச் சற்றே வெப்பமான இடம், நீலம் சற்றே குளிர்ந்த இடம். 1964இல் நியூ ஜெர்சியின் ஹோம்டெலில் வானொலி வானியலாளர்கள் பென்சியாசும் வில்சனும் தம் கொம்பு வடிவ ஆன்டெனாவில் கேட்ட இரைச்சல் இதே நுண்ணலைதான்; அது எத்திசையிலும் ஒன்றாகவே இருந்தது. ஆன்டெனாவில் கூடு கட்டியிருந்த புறாக்களை அகற்றி, எச்சத்தைத் துடைத்த பின்னும் அது நீங்கவில்லை. அந்தச் சீர்மையே முதல் செய்தி. படத்தின் நிறங்கள் காட்டும் வெப்பநிலை வேறுபாடுகள் சுமார் லட்சத்தில் ஒரு பங்கு அளவிலானவை. மிகைப்படுத்தாமல் அச்சிட்டால் தாள் முழுவதும் ஒரே நிறமாக இருக்கும். தவிர, நம் சூரியக் குடும்பம் நொடிக்கு சுமார் 370 கி.மீ. வேகத்தில் நகர்வதால் சிம்ம ராசிப் பக்கம் வானம் சற்றே வெப்பமாகத் தெரியும். அந்த விளைவையும் பால்வீதித் தூசியின் ஒளியையும் கழித்த பிறகே இந்தப் படம் கிடைத்தது.

இப்போது அளவுகோலை எடுங்கள். படத்தை ஏ3 தாளில் 36 செ.மீ. அகலத்துக்கு அச்சிட்டால், நடுக்கோட்டில் 1 மி.மீ. என்பது வானத்தில் 1 டிகிரி. ஓரங்களில் உருவம் நசுங்கிவிடுவதால் நடுப்பகுதியிலேயே அளக்க வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மிகுதியாகத் தென்படும் திட்டுகள் ஏறக்குறைய 1 மி.மீ. அளவில் இருக்கும். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் மறைக்கும் அகலம் அது. முழுநிலவைப்போல் இரு மடங்கு.

இந்த 1 டிகிரிதான் படத்தின் உயிர்நாடி என்பேன். ஆதிப் பிரபஞ்சத்தில் ஈர்ப்பு பொருளை உள்ளே இழுக்க, ஒளியின் அழுத்தம் வெளியே தள்ள, அந்த இழுபறியில் ஒலியலைகள் எழுந்தன. 3,80,000 ஆண்டுகளில் ஒலி எவ்வளவு தொலைவு சென்றிருக்கும் என்பதை இயற்பியல் கொண்டு கணக்கிடலாம். விண்வெளி ஓர் உருண்டையின் பரப்பைப்போல் வளைந்திருந்தால், திட்டுகளின் அளவாகப் பதிந்த அந்தத் தொலைவு இன்று 1 டிகிரியைவிடப் பெரிதாகவும், குதிரைச் சேணத்தைப்போல் வளைந்திருந்தால் சிறிதாகவும் தெரியும். வளைவற்ற வெளிக்குக் கணித்த அளவே படத்தில் காணப்படுகிறது.

செம்மஞ்சள் என்றால் பொருள் செறிந்த இடம், நீலம் என்றால் வெற்றிடம் என்று கொள்வது பரவலான பிழை. பல டிகிரிக்குப் பரந்த திட்டுகளில் நிலைமை நேர்மாறு: செறிந்த இடத்தின் ஈர்ப்பிலிருந்து மீண்டு வரும் ஒளி ஆற்றலை இழப்பதால், அந்த இடம் குளிர்ந்து நீலமாகத் தெரிகிறது.

திட்டுகளில் உருவங்களைத் தேடவும் வேண்டாம். எந்த அளவுத் திட்டுகளில் வெப்பநிலை வேறுபாடு எவ்வளவு வலுவானது என்று காட்ட, இந்தப் படத்திலிருந்து வரையப்படும் வளைகோட்டை அடுத்துப் பாருங்கள். 1 டிகிரிக்கு அருகே முதல் முகடு உயர்ந்து நிற்கும். இரண்டாவது முகடு அதைவிடத் தாழ்ந்திருக்கும். சாதாரணப் பொருளின் எடை கூடக்கூட முதல் முகட்டோடு ஒப்பிட இரண்டாவது தாழும். நாமும் விண்மீன்களும் ஆன சாதாரணப் பொருள் பிரபஞ்சத்தில் சுமார் 5 விழுக்காடே என்ற கணக்கு அந்த உயர வேறுபாட்டிலிருந்துதான் வருகிறது.