ஃபேன் பெல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டியின் முன்பக்கம் கீச்சென்று கத்தினால், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை இழுத்து ஃபேன் பெல்ட்டை இறுக்கிவிடுவது பலருக்கும் வழக்கம். சத்தம் நின்றுவிடும். ஆனால் அளவுக்கு மீறி இறுக்கிய பெல்ட் வாட்டர் பம்ப் பேரிங்கையும் ஆல்டர்னேட்டரின் முன் பேரிங்கையும் சத்தமில்லாமல் தின்னும். பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் கூலன்ட் கசியத் தொடங்கும்போதுதான் விஷயம் தெரியவரும். அதனால் அளந்து இறுக்குங்கள்.

இங்கே சொல்லும் முறை, ஆல்டர்னேட்டரை நகர்த்தி இறுக்கும் வி-பெல்ட் (V வடிவப் பெல்ட்) உள்ள பழைய ஜீப், வேன், டிராக்டர்களுக்கானது. தானியங்கி டென்ஷனர் (பெல்ட்டைத் தானாக இறுக்கி வைக்கும் பாகம்) உள்ள கார்களில் கையால் இறுக்க வேலையில்லை. அங்கே பெல்ட் தொய்ந்தால் பெல்ட் தேய்ந்திருக்கும், அல்லது டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மாற்றத்தான் வேண்டும்.

இறுக்குவதற்கு முன், கோளாறு தொய்வுதானா என்று பாருங்கள். வி-பெல்ட், அது ஓடும் பள்ளமுள்ள சக்கரமான புல்லியைப் பிடிப்பது தன் இரு பக்கச் சுவர்களால்தான். அடிப்பாகம் பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. பெல்ட் உள்ளே இறங்கி உட்கார்ந்து, பள்ளத்தின் அடி பளபளவென்று தேய்ந்திருந்தால் பெல்ட்டோ புல்லியோ ஆயுள் முடிந்தது. அதை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். பெல்ட்டைத் திருப்பிப் பாருங்கள்: பக்கச் சுவர் கண்ணாடிபோல் மின்னினாலோ, வெடிப்பு இருந்தாலோ, நூல் பிரிந்திருந்தாலோ, ஆயில் ஊறியிருந்தாலோ புதியது போடுங்கள். ஆயில் கசிவை அடைக்காமல் புதுப் பெல்ட் போடுவது வீண். சோப்பு, மெழுகு, கிரீஸ் எதையும் பெல்ட்டில் தடவாதீர்கள்.

பிறகு நேர்க்கோடு. ஒரு நேரான இரும்புப் பட்டையையோ இழுத்துப் பிடித்த நூலையோ வைத்து, எல்லாப் புல்லிகளின் பள்ளமும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று விலகியிருந்தால் பெல்ட் ஒரு பக்கமாகத் தேயும், சத்தமும் போடும். அதை இறுக்கிச் சரிசெய்ய முடியாது.

வேலையை எஞ்சின் ஆறியபின் செய்யுங்கள். சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள தடித்த வயர் நேராகப் பேட்டரியிலிருந்து வருவது. ஆல்டர்னேட்டரை நெம்பும் இரும்பு லிவர் அதில் பட்டு பாடியிலும் பட்டால் பெரிய தீப்பொறி கிளம்பும்.

இப்போது அளவு. எந்த இரண்டு புல்லிகளுக்கு நடுவே பெல்ட் அதிக நீளம் ஓடுகிறதோ, அதன் நடுப்புள்ளியில் பாருங்கள். 10 கிலோ விசையில் அழுத்தும்போது சுமார் 10 முதல் 12 மி.மீ. இறங்குவது பல வண்டிகளுக்குப் பொருந்தும். உங்கள் வண்டியின் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே சரி. புதுப் பெல்ட்டுக்கு இதைவிட ஓரிரு மி.மீ. குறைவாக வைப்பார்கள். கட்டைவிரல் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். கடையில் கிடைக்கும் ஸ்பிரிங் தராசின் கொக்கியைப் பெல்ட்டின் நடுவில் மாட்டி, முள் 10 கிலோவைக் காட்டும்வரை பெல்ட்டுக்கு நேர்குத்தாக இழுங்கள். இரு புல்லிகள்மேலும் ஒரு நேர்ப்பட்டையை வைத்து, அதிலிருந்து பெல்ட் எவ்வளவு விலகியது என்று ஸ்கேலில் படியுங்கள். மிகச் சில நிமிடத்து வேலை, ஊகத்துக்கு இடமில்லை.

இறுக்க, ஆல்டர்னேட்டர் அச்சாகக் கொண்டு திரும்பும் கீழ் பிவட் போல்ட்டையும், நீள்துளை பிராக்கெட்டில் உள்ள மேல் போல்ட்டையும் கொஞ்சம் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்ற வேண்டாம். கனமான மரக்கட்டையையோ லிவரையோ ஆல்டர்னேட்டரின் புல்லிப் பக்கத்து உறுதியான வார்ப்பில் கொடுத்து நெம்புங்கள். பின் மூடியிலோ நடு உடம்பிலோ கொடுத்தால் அலுமினியம் விரிசல் விடும். லிவரின் மறுமுனை ரேடியேட்டரிலோ குழாயிலோ ஊன்றக் கூடாது. பிடித்த பிடியில் மேல் போல்ட்டை முதலில் இறுக்குங்கள், அடுத்து பிவட் போல்ட். போல்ட் இறுகும்போது ஆல்டர்னேட்டர் சற்றே நகரும் என்பதால் மறுபடி அளக்காமல் விடாதீர்கள். சில வண்டிகளில் நெம்பத் தேவையில்லை, அட்ஜஸ்டிங் போல்ட் இருக்கும். பிவட் போல்ட்டையும் பூட்டு நட்டையும் தளர்த்தி, அந்தப் போல்ட்டைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி அளந்தால் போதும்.

புதுப் பெல்ட்டை மாட்டும்போது ஸ்க்ரூடிரைவரால் புல்லி விளிம்பின்மேல் நெம்பி ஏற்றாதீர்கள். உள்ளே உள்ள நூல் அறுந்து, வெளியே தெரியாத காயத்தோடு பெல்ட் ஓடும். ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கம் முழுக்கத் தள்ளினால் தானாக ஏறும். இரட்டைப் பெல்ட் ஓடும் லாரிகளில் ஒன்று போனாலும் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். பழையது நீண்டிருப்பதால் சுமை முழுவதும் புதியதின்மேல் விழும்.

பேட்டரி வயரை மாட்டி எஞ்சினை ஓடவிடுங்கள். ஹெட்லைட்டைப் போட்டு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது கத்தினால் இன்னும் வழுக்குகிறது. வழுக்கல் பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் புல்லியில்தான் தொடங்கும், அதுதான் சிறியது, பெல்ட் அதில் சுற்றும் நீளமும் குறைவு. அதனால்தான் சார்ஜ் லைட் முதலில் மினுங்கும். மாறாக, ‘ஊ’ என்று சீரான ஊளை கேட்டால் அதிக இறுக்கம், உடனே தளர்த்துங்கள்.

புதுப் பெல்ட் பள்ளத்தில் உட்கார்ந்து சற்று நீளும். 10 நிமிடம் ஓட்டி, எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு ஒருமுறை அளங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை. அதன்பின் ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் பார்த்தால் போதும்.