ஜாய்ஸ்டிக்கில் செஸ்னாவின் கனம்: ஃபோர்ஸ் ஃபீட்பேக் அமைக்கும் முறை

கணினி விமான சிமுலேட்டருக்காக ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஜாய்ஸ்டிக் (மோட்டாரால் கைக்கு எதிர்விசை தரும் ஸ்டிக்) கைக்கு வந்ததும் பலரும் முதல் வேலையாக அதிர்வுகளை எல்லாம் முழுசாக ஏற்றிவிடுவார்கள். இன்ஜின் உறுமும், ஓடுபாதை தடதடக்கும். அரை மணி நேரம் ஜாலியாக இருக்கும், அப்புறம் கை மரத்துப்போகும். விமானத்தின் கனம் கையில் தெரிய இரண்டு விஷயம் சரியாக அமைந்தால் போதும். வேகத்துக்கு ஏற்ப விசை ஏறி இறங்க வேண்டும். டிரிம் செய்தால், அதாவது கை பிடிக்காமலே விமானம் அதே நிலையில் பறக்கும்படி சரிசெய்தால், ஸ்டிக் நின்ற இடத்தில் நிற்க, கைப்பாரம் மட்டும் கரைய வேண்டும். அதிர்வெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எடுத்துக்காட்டுக்குச் செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானம். சுக்கான் பரப்புகள் கம்பியாலும் கப்பியாலும் நேரடியாக இழுக்கப்படும் விமானம் என்பதால், மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பான எலிவேட்டரைக் காற்று தள்ளுவது அப்படியே விமானியின் கைக்கு வரும்.

மேசையை முதலில் பாருங்கள்

9 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் மோட்டாரில், கைப்பிடியின் நடு சுழல்புள்ளியிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் இருந்தால் கையில் கிடைப்பது அதிகபட்சம் 36 நியூட்டன், ஏறக்குறைய 3.7 கிலோ. நீட்டிப்புக் குழாய் போட்டு அதை 40 செ.மீ. ஆக்கினால் 2.3 கிலோவாகக் குறைந்துவிடும். அசைவு தூரம் கூடி நுணுக்கம் கிடைக்கும், பலம் போகும். இரண்டும் வேண்டுமென்றால் பெரிய மோட்டார்தான் வழி.

எதிர்விசை முழுவதும் மேசைக்குத்தான் போகிறது. ஸ்டிக்கை நாலு கிலோ அளவுக்கு இழுத்துப் பிடித்து அடித்தட்டைக் கவனியுங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அது அசைந்தால் மென்பொருளில் எதைத் திருகினாலும் ரப்பரைப் பிடித்த மாதிரியே இருக்கும். பிளைவுட் மேசையின் விளிம்பில் கிளாம்ப் போடுவதைவிட நாற்காலியோடு சேர்ந்த இரும்புச் சட்டம் நல்லது.

எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருதல்

சிமுலேட்டரில் அச்சுகளுக்கான வளைவை நேர்கோடாக்கி, டெட்ஸோனை (மையத்தில் அசைவைக் கண்டுகொள்ளாத இடைவெளி) பூஜ்யமாக்குங்கள். சாதாரண ஸ்பிரிங் ஸ்டிக்கின் குறையை மறைக்கப் போட்ட வளைவு இங்கே வேலையைக் கெடுக்கும். கை உணரும் விசைக்கும் எலிவேட்டர் திரும்பும் கோணத்துக்கும் உள்ள பொருத்தம் போய்விடும். ஸ்டிக்கின் சொந்த மென்பொருளில் மையத்துக்கு இழுக்கும் ஸ்பிரிங் விசை, உராய்வு, டாம்பர் (வேகமான அசைவை எதிர்க்கும் விசை), அதிர்வு எல்லாம் பூஜ்யம். மொத்த வலிமையை முதல் தடவை 30 சதவீதத்தில் வையுங்கள். மின்சாரம் கொடுக்கும்போது கையையும் முகத்தையும் ஸ்டிக்கிலிருந்து விலக்கி வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது திசைச் சோதனை. ஸ்பிரிங்கை மட்டும் கொஞ்சம் ஏற்றி ஸ்டிக்கை முன்னே தள்ளுங்கள். அது பின்னால் தள்ளினால் சரி. தானாகவே முன்னே ஓடி முட்டிக்கொண்டால் அச்சு தலைகீழாக இருக்கிறது. முன்னே தள்ளும்போது பக்கவாட்டில் இழுத்தால் இரண்டு அச்சும் இடம் மாறியிருக்கின்றன. டிசிஎஸ் என்ற சிமுலேட்டரில் இதற்கென்றே ஃபோர்ஸ் ஃபீட்பேக் சாளரத்தில் அச்சுகளை மாற்றும் தேர்வு உண்டு.

டிசிஎஸ், ஐஎல்-2 ஆகிய சிமுலேட்டர்கள் இரண்டும் விசையைத் தாங்களே விண்டோஸின் டைரக்ட்இன்புட் வழியாக அனுப்பும். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் (எம்எஸ்எஃப்எஸ்) 2020 அனுப்பாது. டெலெம்எஃப்எஃப்பி மாதிரி ஒரு மென்பொருள் பறக்கும் தரவைப் படித்து ஸ்டிக்குக்குச் சொல்ல வேண்டும்.

ஸ்பிரிங் வேகத்தின் வர்க்கத்தில் ஏற வேண்டும்

காற்றின் இயக்க அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டிப்பானால் அதே கோணத்துக்கு எலிவேட்டரைத் திருப்ப நான்கு மடங்கு விசை வேண்டும். கணக்குக்கு எடுக்க வேண்டியது வேகமானி காட்டும் வேகம். 8,000 அடி உயரத்தில் உண்மையான வேகம் கூடுதலாக இருந்தாலும் கைக்குத் தெரிவது முள் காட்டுவதுதான்.

172எஸ்ஸின் மீறக் கூடாத வேகம் 163 நாட், வேகமானியில் எச்சரிக்கை வேகத்தைக் குறிக்கும் மஞ்சள் வில் தொடங்குவது 129 நாட். 163-ஐ நூறு சதவீதமாக வைத்தால் தரையிறங்க வரும் 65 நாட்டில் ஸ்பிரிங் வெறும் 16 சதவீதம்தான். வீட்டு மோட்டாரின் பலத்தில் அது கையில் தெரியவே தெரியாது. அதனால் 129 நாட்டில் 80 சதவீதம் என்று வைப்பது நல்லது. அந்தக் கணக்கில் 110 நாட் பயண வேகத்தில் 58 சதவீதம், 65 நாட்டில் 20, ஸ்டால் ஆகும் (இறக்கை தாங்குவிசையை இழக்கும்) 40 நாட்டில் 8. மேலே விட்ட 20 சதவீதம் வீணில்லை. மற்ற விசைகள் சேரும்போது மொத்தம் நூறைத் தாண்டினால் மோட்டார் அதற்குமேல் தராது, நுணுக்கமெல்லாம் தட்டையாகிவிடும். அந்த இடைவெளி அதற்குத்தான். 144 நாட்டுக்கு மேல் எப்படியும் உச்சியில் முட்டும். அந்த வேகத்தில் பறப்பவர் குறைவு என்பதால் இந்தச் சமரசத்தை ஏற்கலாம்.

விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஐலரானுக்கு எலிவேட்டரில் பாதி கொடுங்கள். ஐலரான் 1, எலிவேட்டர் 2, மூக்கை இடவலமாகத் திருப்பும் ரடர் 4 என்பது விமான வடிவமைப்பில் பழைய விகிதம். இரண்டு அச்சும் ஒரே கனமாக இருந்தால் பக்கவாட்டில் சாய்க்கும்போது மூக்கும் சேர்ந்து அலையும்.

தரையில் நிற்கும்போது செஸ்னாவின் எலிவேட்டர் தன் எடையால் தொங்கும், அதனால் யோக் (நிஜ விமானத்தில் விமானி பிடிக்கும் கைப்பிடி) முன்னால் சாய்ந்து கிடக்கும். மென்பொருளில் வசதி இருந்தால் முன்பக்கமாகச் சிறு நிலையான விசை கொடுத்து, வேகம் ஏறும்போது அது மறையும்படி வையுங்கள். ஓடுபாதையில் ஓடும்போது ஸ்டிக் உயிர் பெறுவது அப்போதுதான் தெரியும். புரொப்பெல்லர் காற்று எலிவேட்டரில் படுவதைக் கணக்கில் எடுக்கும் தேர்வு இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

தராசு வைத்து அளப்பது

கை ஏமாற்றும். பயணப்பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தொங்கு தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். ஸ்பிரிங்கை 110 நாட்டுக்குரிய 58 சதவீதத்தில் நிறுத்தி, மொத்த வலிமையை நூறாக்கி, கைப்பிடியின் நடுவில் கயிற்று வளையம் மாட்டி, தராசைக் கிடைமட்டமாகப் பிடித்து மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஸ்டிக் பாதித் தூரம் வந்ததும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிவரை இழுத்துவிட்டு, தளர்த்திக்கொண்டே திரும்பி அதே பாதித் தூரத்துக்கு வரும்போது மறுபடி குறியுங்கள்.

மேலே சொன்ன 9 நியூட்டன் மீட்டர் ஸ்டிக்கில் போகும்போது 1.25 கிலோவும் வரும்போது 0.85 கிலோவும் காட்டினால், வித்தியாசத்தில் பாதியான 0.2 கிலோ உராய்வு, சராசரியான 1.05 கிலோதான் ஸ்பிரிங். முழுத் தூரத்தில் ஸ்பிரிங் மட்டும் சுமார் 2.1 கிலோ வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு வலிமை அமைப்பு இன்னும் குறைவாக இருக்கிறது என்று பொருள்.

மைக்ரோசாஃப்டின் பழைய சைட்வைண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2 வைத்திருப்பவர்கள் கவனிக்க: கை எடுத்தால் மோட்டாரை நிறுத்தும் ஒளி உணரி அதன் கைப்பிடியில் உண்டு. அதைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மூடினால்தான் தராசு ஏதாவது காட்டும். அளந்து முடிந்ததும் டேப்பைக் கழற்றிவிடுங்கள், அந்த உணரி பாதுகாப்புக்காக வைத்தது.

இதில் கிராம் கணக்கு பார்க்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் பார்ட் 60 விதிகள் விமானிப் பயிற்சி சிமுலேட்டரில் எலிவேட்டர் விசைக்கே 5 பவுண்டு அல்லது 10 சதவீத வித்தியாசத்தை அனுமதிக்கின்றன.

உராய்வும் டாம்பரும்

உராய்வை 3 சதவீதத்தில் தொடங்குங்கள். ஸ்டிக்கைக் கொஞ்சம் நகர்த்தி விட்டால் பழைய இடத்துக்கு மிக அருகில் வந்து நிற்க வேண்டும், துல்லியமாக அதே இடத்துக்கு அல்ல. கம்பியும் கப்பியும் உள்ள விமானத்தில் அப்படித்தான் இருக்கும். உராய்வு கூடினால் 65 நாட்டில் பலவீனமான ஸ்பிரிங் அதில் மூழ்கிவிடும், டிரிம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிவரும்.

டாம்பர் ஊசலாட்டத்தை அடக்கத்தான். முழு வேகத்துக்கான ஸ்பிரிங்கில் ஸ்டிக்கை இழுத்துச் சட்டென்று விடுங்கள். ஒருமுறை மையத்தைத் தாண்டி நின்றால் போதும். இரண்டு மூன்று முறை ஆடினால் டாம்பரை ஏற்றுங்கள். எவ்வளவு ஏற்றியும் நடுங்கிக்கொண்டே இருந்தால் கோளாறு தாமதத்தில் இருக்கும். யூஎஸ்பி ஹப்பைக் கழற்றி கணினியில் நேராகச் செருகிப் பாருங்கள். டாம்பரை அளவுக்கு மீறி ஏற்றினால் தேனுக்குள் கரண்டி விட்டது போல எல்லா வேகத்திலும் ஒரே கனமாகி, வர்க்கக் கணக்கு வீணாகும்.

டிரிம்: பெரும்பாலும் தவறுவது இங்கேதான்

சாதாரண ஸ்டிக்கில் பின்னால் இழுத்துப் பிடித்து, டிரிம் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே ஸ்டிக்கை மையத்துக்கு விடுவோம். நிஜ செஸ்னாவில் நடப்பது வேறு. வலது எலிவேட்டரின் விளிம்பில் உள்ள சிறு தகடு எலிவேட்டரை நீங்கள் பிடித்திருக்கும் இடத்திலேயே தாங்கத் தொடங்கும். யோக் நகராது, பாரம் மட்டும் போகும்.

இதைச் சிமுலேட்டரில் செய்ய, டிரிம் மாறும்போது ஸ்பிரிங்கின் மையப்புள்ளி நகர வேண்டும். அதே அளவை எலிவேட்டர் அச்சிலிருந்து மென்பொருள் கழிக்கவும் வேண்டும். சிமுலேட்டர் டிரிம்மை எலிவேட்டரோடு கூட்டிக்கொள்வதுதான் காரணம். எம்எஸ்எஃப்எஸ்ஸில் டெலெம்எஃப்எஃப்பியின் டிரிம் பின்தொடர்வை இயக்கினால், எலிவேட்டர் அச்சை மென்பொருளே அனுப்பும். எனவே சிமுலேட்டரின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஸ்டிக்கின் எலிவேட்டர் இணைப்பை நீக்கியே ஆக வேண்டும். மறந்தால் இரண்டு இடத்திலிருந்தும் கட்டளை போய் மூக்கு வெட்டிவெட்டி ஆடும்.

சோதிக்க: 110 நாட்டில் நேராகப் பறந்து, பவரைக் குறைத்து, உயரம் குறையாமல் ஸ்டிக்கை இழுத்து 90 நாட்டில் பிடியுங்கள். கையை அசைக்காமல் மூக்கு மேல்பக்கமாக டிரிம் செய்யுங்கள். பாரம் மெல்லக் கரைந்து, விரலை எடுத்தாலும் ஸ்டிக் அங்கேயே நின்றால் முடிந்தது. கை அசையாதபோதே மூக்கு எழும்பினால் கழித்தல் நடக்கவில்லை. பாரம் கூடினால் மையப்புள்ளி எதிர்த்திசையில் நகர்கிறது.

அதிர்வுகள்

2,400 சுழற்சியில் ஓடும் இன்ஜினுக்கு 40 ஹெர்ட்ஸ், 3 சதவீதம் போதும். ஸ்டாலுக்கு முன் வரும் நடுக்கத்துக்கு 10 முதல் 15 ஹெர்ட்ஸ், 8 சதவீதத்துக்குள். செஸ்னா 172-இல் ஸ்டிக் ஷேக்கர் (ஸ்டால் வருவதை ஸ்டிக்கை உலுக்கிச் சொல்லும் கருவி) கிடையாது, இடது இறக்கை முகப்பின் ஊதல்தான் எச்சரிக்கை. பல ஆயத்த அமைப்புகளில் (புரொஃபைல்) ஸ்டிக் ஷேக்கர் சேர்ந்தே வரும், அணைத்துவிடுங்கள்.

வேறு விமானத்துக்கு இதே அமைப்பை நகலெடுக்காதீர்கள். ஏர்பஸ் ஏ320-இன் சைட்ஸ்டிக்கில் ஸ்பிரிங்கும் டாம்பரும் மட்டும்தான், காற்றின் விசை கைக்கு வருவதே இல்லை. அங்கே வேகக் கணக்கை அணைத்து ஒரே ஸ்பிரிங்கில் வையுங்கள். யூஎச்-1 ஹெலிகாப்டரில் ஃபோர்ஸ் டிரிம் பொத்தானை அழுத்தியதும் ஸ்பிரிங் விட்டுவிடும், பொத்தானை விட்ட இடம் புதிய மையமாகும். டிசிஎஸ்ஸின் ஹ்யூயியில் (யூஎச்-1) பொத்தானை அழுத்தும்போது ஸ்டிக் துள்ளினால், உராய்வுப் பகுதியில் சொன்ன 3 சதவீத உராய்வை 6 ஆக்கிப் பாருங்கள்.